மௌனத்திற்கும் ஓர் உரிமை: ஷாஃப்ஹவுசன் மாநிலத்தின் உள்ளூர்ப் பொதுவாக்கெடுப்பும் கட்டாய வாக்களிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

வாக்களிப்பதைச் சட்டக் கடமையாக்கினால் வாக்களிக்காதிருக்கும் உரிமை முற்றிலும் அற்றுப்போகுமா என்னும் வினாவை, சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன், வோ ஆகிய இரு மாநிலங்களின் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. வாக்கெண்ணும் விதியே விலகி நிற்றலின் பொருளைத் தீர்மானிக்கிறது என்பது இதன் கருதுகோள். இத்தாலியும் குஜராத்தும் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: பொதுவாக்கெடுப்பு, கட்டாய வாக்களிப்பு, விலகும் உரிமை, வெற்றுச்சீட்டு, உள்ளாட்சி.

முன்னுரை

சுவிட்சர்லாந்தில் மக்கள் ஆண்டுக்குப் பலமுறை வாக்குச்சீட்டைக் கையிலெடுக்கின்றனர். கூட்டாட்சி அரசின் சட்டங்கள் மட்டுமன்றி, ஊரின் பள்ளிக் கட்டடம், பெருஞ்செலவுத் திட்டங்கள் போன்றவையும் அவர்களது ஒப்புதலுக்கு வருகின்றன. இத்தனை முறை கேட்கப்படும் இடத்தில் எல்லோரும் எப்போதும் விடை சொல்வதில்லை. இச்சூழலில் வாக்களிப்பை இன்றளவும் கட்டாயமாக வைத்திருக்கும் ஒரே மாநிலம் ஷாஃப்ஹவுசன் ஆகும்.

ஷாஃப்ஹவுசனின் விதி

இம்மாநிலத்தில் கட்டாய வாக்களிப்பு 1876ஆம் ஆண்டு முதல் இருந்துவருகிறது. கூட்டாட்சி, மாநிலம், ஊராட்சி ஆகிய மூன்று நிலைகளின் தேர்தல்களுக்கும் பொதுவாக்கெடுப்புகளுக்கும் 65 வயது வரை இக்கடமை பொருந்தும். தக்க காரணமின்றி வராதவர் செலுத்த வேண்டிய தண்டத்தொகை நெடுங்காலம் 3 பிராங்காக இருந்து, பின்னர் 6 பிராங்காக உயர்ந்தது. இத்தொகை அந்நாட்டில் ஒரு குவளைக் காப்பியின் விலையை ஒத்தது.

தண்டத்தினும் கருதத்தக்கது விலக்கு விதியாகும். நோய், பணி, குடும்பக் கடமை, வெளியூர்ப் பயணம் ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். இவையன்றி, வாக்காளர் அட்டையை வாக்கெடுப்பு முடிந்த மூன்று நாள்களுக்குள் திருப்பியளித்தாலும் போதும், தண்டமில்லை. அதாவது, சட்டம் கோருவது விடையை அன்று. வினா தன்னை வந்தடைந்தது என்னும் ஒப்புகையையே. வந்து வெற்றுச்சீட்டை இடுவதற்கும் தடையில்லை. அம்மாநிலத்தில் வாக்குப்பதிவு நாட்டின் சராசரியை விட உயர்ந்து நிற்பதுடன், வெற்றுச்சீட்டுகளின் பங்கும் மிகுந்து காணப்படுவது இதனோடு இயைகிறது.

வோ மாநிலத்தின் பட்டறிவு

லொசான் நகரைத் தலைநகராகக் கொண்ட வோ மாநிலம் 1925 முதல் 1948 வரை கூட்டாட்சிப் பொதுவாக்கெடுப்புகளில் வாக்களிப்பைக் கட்டாயமாக்கியிருந்தது. பெக்டெல், ஹாங்கார்ட்னர், ஷ்மிட் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, இக்காலத்தில் இடதுசாரிக் கொள்கை நிலைப்பாடுகளுக்கான ஆதரவு 20 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை உயர்ந்ததாகக் காட்டுகிறது. விலகி நின்றோர் வந்தோரைப் போலவே எண்ணுபவர்கள் என்னும் கருத்து இதனால் வலுவிழக்கிறது. எனினும், கட்டாயம் நீங்கியபின் வாக்குப்பதிவும் விரைவில் சரிந்தது. ஒரு தலைமுறைக் காலக் கட்டாயம் நிலைத்த பழக்கத்தை உருவாக்கவில்லை.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. வோ மாநிலப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1959இல். ஷாஃப்ஹவுசன் பெண்கள் பெற்றது 1971இல். ஆகவே வாராத ஆணுக்குத் தண்டம் விதித்த அதே சட்டம், வர விரும்பிய பெண்ணுக்கு வாயிலை அடைத்தே வைத்திருந்தது. அனைவரின் கடமை எனப் பேசப்பட்டது உண்மையில் பாதிப்பேரின் கடமையே. விலகும் உரிமை பற்றிய வாதம், நுழையும் உரிமை உடையோருக்கிடையே மட்டும் நிகழ்ந்த வாதமாக இருந்தது.

எண்ணும் விதியும் மௌனத்தின் பொருளும்

சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சிப் பொதுவாக்கெடுப்பில் குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்னும் நிபந்தனை இல்லை. முடிவைக் கணிக்கையில் வெற்றுச்சீட்டுகளும் கழிக்கப்படுகின்றன. வாராதவரின் மௌனம் முடிவை எப்பக்கமும் சாய்ப்பதில்லை. இத்தாலியில் நிலைமை வேறு. 1948 அரசியலமைப்பின் 75ஆம் உறுப்பின்படி, சட்டத்தை நீக்கக் கோரும் பொதுவாக்கெடுப்பு செல்லுபடியாக வாக்காளருள் பெரும்பான்மையோர் பங்கேற்க வேண்டும். 2005 சூன் மாதம் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் குறித்து நடந்த வாக்கெடுப்பில், வீட்டிலேயே இருக்குமாறு திருச்சபைத் தலைமை அழைப்பு விடுத்தது. பங்கேற்றோர் நான்கில் ஒரு பங்கினர் அளவே, வாக்கெடுப்பு செல்லாததாயிற்று. அங்கு வாராமை ஒரு முழு வாக்கின் வலிமையைப் பெற்றது. இத்தகைய விதியுள்ள இடத்தில் வாக்களிப்பைக் கட்டாயமாக்கினால், ஓர் அரசியல் கருவியே பறிக்கப்படும். ஷாஃப்ஹவுசனில் பறிபோவது அதுவன்று.

குஜராத் ஒப்பீடு

இந்தியாவில் குஜராத் சட்டப்பேரவை 2009இல் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பைக் கட்டாயமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அதற்கு ஆளுநரின் ஒப்புதல் 2014இல்தான் கிடைத்தது. 2015இல் வகுக்கப்பட்ட விதிகள் 100 ரூபாய் தண்டம் விதித்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் குஜராத் உயர்நீதிமன்றம் இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வாக்குரிமைக்குள்ளேயே வாக்களிக்காதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பது அதன் பார்வை. இதற்கு முன்னரே, 2013 செப்டம்பர் 27 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வாக்குப்பொறியில் ‘நோட்டா’ பொத்தானுக்கு வழிவகுத்திருந்தது.

பிழைப்புக்காக வெளியூர் சென்ற தொழிலாளிக்கு 100 ரூபாயும் பயணச் செலவும் இழந்த நாட்கூலியும் ஒரே சுமையாக வந்து சேரும். அஞ்சல் வழியே வாக்களிக்கவும் அட்டையைத் திருப்பியளிக்கவும் வசதியுள்ள சுவிட்சர்லாந்து வாக்காளரின் 6 பிராங்கோடு அதனை நிகர்வைத்தல் பொருந்தாது.

முடிவுரை

விலகுதல் மூவகைப்படும்: வாராதிருத்தல், வந்தும் வெற்றுச்சீட்டிடல், வந்து அனைவரையும் மறுத்தல். கட்டாய வாக்களிப்பு முதலாவதை மட்டுமே தொடுகிறது. அது உரிமைப் பறிப்பாகுமா என்பதை மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன: வாராமைக்கு எண்ணிக்கையில் உள்ள வலிமை, விலகுவதற்குச் சட்டம் விட்டுவைத்துள்ள வழி, கடமையின் செலவைச் சுமப்போர் யாவர் என்பது. ஷாஃப்ஹவுசனின் கட்டாயம் நிலைத்தமைக்கு அதன் கடுமை காரணமன்று; மறுப்போர் அட்டையைத் திருப்பியளித்து ஒதுங்கிக்கொள்ள இடமளித்தமையும் ஒரு காரணம் எனக் கருதலாம்.