ஊசியும் நூலும் கம்ப்யூட்டர் பாடமும்

காஸ்ப்ளே என்ற சொல் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது. காமிக்ஸ், சினிமா, வீடியோ கேம் பாத்திரங்களைப் போலவே உடை செய்து போட்டுக்கொண்டு வருவதுதான் காஸ்ப்ளே. 1983ல் ஜப்பானில் நொபுயுகி தகாஹாஷி ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். சென்னையில் முதல் காமிக் கான் நடந்தது 2024 பிப்ரவரியில்.

பெயர் புதிது, வழக்கம் பழையது. 1939ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் எதிர்கால மனிதன் வேடத்தில் வந்தார். பேரும் புகழும் அவருக்குத்தான். அவருக்கும் தனக்குமாக இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர், கூடவே வந்த மர்டில் டக்ளஸ். தைத்தவர் பெயர் பின்னால் போய்விட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

நம் ஊரில் வேடம் கட்டுவதற்குப் பஞ்சமே இல்லை. கட்டைக்கூத்துக் கலைஞர்களின் கிரீடமும் தோள், மார்பு அணிகளும் லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. ராத்திரி வெளிச்சம் பட்டதும் மின்னும். காஞ்சிபுரம் அருகே கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பிள்ளைகள் அங்கே பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். வேடமும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

வெளிச்சம் பட்டு மின்னும் உடை சரி. தானே ஒளிரும் உடை? 1956ல் ஜப்பானியக் கலைஞர் அட்சுகோ தனாகா, வண்ணம் பூசிய சுமார் 200 பல்புகளால் ஆன 'மின் உடை'யை அணிந்து காட்டினார். அழகுதான். ஆனால் அது மாணவர்கள் வகுப்பில் செய்யக்கூடியது இல்லை.

வகுப்பறைக்கு வழி திறந்தது 2007ல். அதற்கு இரண்டு வருடம் முன்பு இத்தாலியில் ஆர்டுயினோ என்ற சிறிய, விலை மலிவான மின்பலகை வந்திருந்தது. கம்ப்யூட்டரில் நிரல் எழுதி அதில் ஏற்றினால், விளக்கு எரியும், மோட்டார் சுற்றும். ஆனால் கட்டையான பலகை, வயர், சால்டரிங். அமெரிக்காவில் லியா பியூக்லி இதைத் துணிக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். அதுதான் லில்லிபேட். பூப்போல வட்டமான பலகை, ஓரத்தில் ஓட்டைகள். வயருக்குப் பதில் மின்சாரம் கடத்தும் நூல். எல்.இ.டி.யைப் பொத்தான் மாதிரி தைத்துவிடலாம்.

இதில் பாடம் எங்கே என்கிறீர்களா? அந்த நூலுக்கு வயர் போல மேலுறை கிடையாது. பிளஸ் நூலும் மைனஸ் நூலும் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். துணி மடிந்தால் விளக்கு அணையும். முடிச்சு தளர்ந்தால் சிமிட்டும். தப்பு நிரலிலா, தையலிலா என்று மாணவர் தேடியாக வேண்டும். அமெரிக்காவில் யாஸ்மின் கஃபாய் குழுவினர், வேண்டுமென்றே பிழை வைத்துத் தைத்த துணிகளைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லியே இதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

2010ல் பியூக்லியும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த சாதாரண ஆர்டுயினோ படைப்புகளில் பெண்கள் செய்தவை 2 சதவீதம்தான். லில்லிபேட் படைப்புகளில் 65 சதவீதம்! உள்ளே இருப்பது அதே நிரல், அதே மின்சாரம். மாறியது நுழைவாசல் மட்டும்.

உண்மையில் ஊசியும் நிரலும் பழைய சொந்தக்காரர்கள். 1969ல் நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கம்ப்யூட்டர் நிரலைத் தொழிற்சாலைப் பெண்கள் கம்பியால் கையாலேயே நெய்தார்கள். காந்த வளையத்துக்குள் கம்பி போனால் 1, வெளியே போனால் 0. அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மர்டில் டக்ளஸ் கதையேதான்.

இனி நம் பள்ளிகள். 2012ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. தையல் ஆசிரியரும் கம்ப்யூட்டர் ஆசிரியரும் ஒரே திட்டத்தில்தான் வந்தார்கள். ஆனால் இரண்டும் தனித்தனிப் பாடம். 2016ல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். பணத்தை வைத்துப் பார்த்தாலே எதற்கு மதிப்பு என்று புரியும்.

போடிநாயக்கனூரை எடுத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து வரும் ஏலக்காய் இங்கே கம்ப்யூட்டர் திரையில் ஏலம் போகிறது. அதே காயைத் தரம் பிரிப்பவை பெண்களின் விரல்கள். திரை ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். பள்ளியிலாவது இந்த இரண்டும் ஒரே மேசைக்கு வரலாம். ஆண்டு விழா வேடத்தில் ஆரம்பிக்கலாம். ஒரு பட்டன் பேட்டரி, நாலு எல்.இ.டி., கொஞ்சம் கடத்தும் நூல் போதும். நிரல் அடுத்த வாரம் வரட்டும். கம்ப்யூட்டர் ஆசிரியரும் தையல் டீச்சரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகள் எந்த வேலையைச் சின்ன வேலை என்பார்கள்?