தாத்தா வண்டிச் சத்தம்

நேற்று இரவு படித்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு பழைய டீசல் அம்பாசடர் திரும்பும் சத்தம். சட்டென்று ஆறு வயதுக்குப் போய்விட்டேன்! என் தாத்தா வாடகைக் கார் ஓட்டியவர். அந்தக் 'கடகட' கேட்டதுமே பாட்டி அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிடுவார்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து அம்பாசடராகத் தயாரித்தது. முதலில் பெட்ரோல் என்ஜின், பிறகு டீசலும் வந்தது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி அதில் டீசலைப் பீய்ச்சினால் பட்டென்று பற்றிக்கொள்ளும். பாட்டி காதில் விழுந்த கடகட அதுதான்!

1983இல் மாருதி 800 வந்தது. அம்பாசடரின் மவுசு குறைந்துகொண்டே போய், 2014 மே மாதம் உற்பத்தியே நின்றது. 2017இல் பிரான்சு நாட்டு பெஜோ நிறுவனம் அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயரை விற்றுவிடலாம், சத்தத்தை?

தாத்தா இப்போது இல்லை. நேற்று அந்தக் கார் போன பிறகு சமையலறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன், பாட்டி நின்றிருந்தார். "ஒண்ணுமில்லடா, தண்ணி குடிக்க வந்தேன்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்ததா? பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.