வெட்டாமலே எடை காணுதல்

நாமக்கல் மாவட்டத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறினால், தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி மிளகுக் கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். மரத்தின் சுற்றளவை ஒரு நாடாவால் யாரும் அளந்துவிடுவர். உள்ளேயிருக்கும் கட்டையின் எடையை எப்படி அறிவது? மலைச்சரிவுக் காடுகளைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. கொல்லிமலைக் காடுகளின் மரங்களிலும் சருகிலும் மண்ணிலும் எவ்வளவு கார்பன் சேர்ந்துள்ளது என ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2011-இல் வெளிவந்தது. இவ்வகைக் கணக்குகளுக்குப் பருமன் மட்டும் போதாது, அடர்த்தியும் வேண்டும். ஒரே பருமனுள்ள இலவும் கருங்காலியும் ஒரே எடை ஆகுமா? கணக்குக்காகக் காட்டை வெட்டவும் இயலாது.

முன்னாளில் வெட்டித்தான் பார்த்தார்கள். பின்னர் சென்னை மாகாணத்திலும் பணியாற்றிய வன அதிகாரி கேம்பிள், 1881-இல் இந்திய மரங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அதில் ஒரு கன அடி மரம் எத்தனை பவுண்டு எடை எனக் குறித்திருக்கிறார். அரிய உழைப்பு அது! எனினும் கட்டையை நிறுத்தால் கிடைப்பது சராசரி எடைதான். ஒரே மரத்தில் ஓர் ஆண்டின் வளர்ச்சி இலேசாகவும் மறு ஆண்டினது கனமாகவும் இருப்பது அதில் தெரியாது.

1895-இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த ராண்ட்ஜன், மூடிய மரப்பெட்டிக்குள் இருந்த எடைக்கற்களைப் படம் பிடித்தார். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடித்த பலகைகூடக் கதிரை மிகச் சிறிதே தடுக்கிறது என்றும் எழுதினார். எடைக்கற்கள் தெரிந்தன; பெட்டியின் எடையைக் கேட்பார் அப்போது இல்லை.

அந்தச் சிறிய தடையில்தான் விஷயம் இருக்கிறது. எந்த மரமானாலும் அதன் செல் சுவரின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே: கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். இலவு இலேசாக இருப்பது உள்ளே வெற்றிடம் மிகுந்திருப்பதால்தான். சுவர்ப்பொருள் ஒன்றாகவே இருப்பதால், கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறதோ அவ்வளவு பொருள் வழியில் உள்ளது எனக் கொள்ளலாம்.

1959-இல் இங்கிலாந்தில் காமரூன், பெர்ரி, பிலிப்ஸ் ஆகியோர் பீட்டா கதிர்களால் மரத்தின் அடர்த்தியை அளக்கும் முறையை வெளியிட்டனர். ஆனால் பீட்டா கதிர் அதிகத் தூரம் ஊடுருவாது. மரத்தை மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். பிரான்சின் நான்சி நகரில் ஹ்யூபர்ட் போல்ஜ் எக்ஸ் கதிரை நாடினார். உயிருள்ள மரத்தில் துறப்பணத்தால் பென்சில் போன்றதொரு துண்டை எடுத்து, ஊடுகதிர்ப் படம் பிடித்து, படத்தின் கருமையை ஒளிக்கற்றையால் அடிக்கு அடி அளந்தார். மரம் நின்றது, அதன் அடர்த்தியோ வளைகோடாகக் காகிதத்தில் வந்தது! 1966-இல் வெளியான அவரது ஆய்வேடு பிறருக்கு வழிகாட்டியாயிற்று.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார், மேற்கு இமயத்தின் தேவதாரு மரங்களில் வளைய அகலத்தோடு அடர்த்தியையும் தட்பவெப்பத்துடன் ஒப்பிட்டு 2000-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

இமயத்தில் எளிதானது நம் மலைகளில் அத்தனை எளிதன்று. வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக இராது. தேக்கில் சிலிக்கா இருக்கும். சில மரங்களில் சுண்ணப் படிகங்கள் இருக்கும். இவை மரப்பொருளைவிட மிகுதியாகக் கதிரைத் தடுப்பதால், படம் உள்ளதைவிடக் கனமாகக் காட்டிவிடும். ஈரமும் அப்படியே ஏமாற்றும். ஆகவே துண்டை ஒரே அளவு ஈரத்துக்குக் கொண்டுவந்து, சில துண்டுகளைப் பழைய தராசிலும் நிறுத்து, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்த பின்னரே படத்தை நம்புகிறார்கள்.