லீட்ஸ் யுனைடெட்: 2019–20 சாம்பியன்ஷிப் பருவம்

இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் லீட்ஸ் யுனைடெட் கழகம் முதலிடம் பெற்று, 16 ஆண்டுகளுக்குப் பின் பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய பருவம் இது. 46 ஆட்டங்களில் 28 வெற்றி, 9 சமன், 9 தோல்வி. மொத்தம் 93 புள்ளிகள். இரண்டாமிடம் பிடித்த வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் 10 புள்ளிகள் பின்தங்கியது. கழகத்தின் நூற்றாண்டு நாளும் (2019 அக்டோபர் 17) இப்பருவத்திலேயே வந்தது. கொரோனா பெருந்தொற்றால் ஆட்டங்கள் மூன்று மாதங்களுக்கு மேல் நின்றுபோக, வசந்தத்தில் முடியவேண்டிய பருவம் 2020 ஜூலை 22 வரை நீண்டது.

2001இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதிவரை சென்ற கழகம் லீட்ஸ். வரவை மிஞ்சிய செலவும் கடனும் சேர்ந்து 2004இல் அதைப் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே தள்ளின. 2007இல் மூன்றாம் அடுக்குக்கே போய், அங்கே மூன்று பருவங்கள் கிடந்தது. 2018 கோடையில் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தவரான மார்செலோ பியெல்சா பயிற்றுநராக வந்தார். ஆட்ட நேரத்தில் கோட்டோரம் நீல வாளியொன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்காரும் மனிதர். பயிற்சிக்கூடத்துக்கு அருகிலுள்ள வெதர்பி என்ற சிற்றூரில் ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார்.

அவருடைய முதல் பருவம் மூன்றாமிடத்தில் முடிந்தது. முதல் இரண்டு அணிகளுக்கு நேரடி உயர்வு; அடுத்த நான்கும் ஓர் இடத்துக்காகப் பிளே-ஆஃப் ஆடவேண்டியிருந்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டெர்பி கவுன்டியை அதன் மைதானத்திலேயே 1–0 என வென்ற லீட்ஸ், சொந்த எல்லண்ட் ரோடில் 2–4 எனத் தோற்று வெளியேறியது. அன்று சிவப்பு அட்டை பெற்று வெளியே போனவர் தற்காப்பாளர் கேய்டானோ பெரார்டி. அவர் பெயர் இந்தக் கட்டுரையில் மீண்டும் வரும்.

2019 கோடையில் தற்காப்பின் தூணாகக் கருதப்பட்ட பொன்டுஸ் யான்சன் பிரென்ட்ஃபர்டுக்கு விற்கப்பட்டார். ரசிகர்கள் கொதித்தார்கள். அவருடைய இடத்துக்கு வந்தவர் பிரைட்டனிலிருந்து ஓராண்டு இரவலாகப் பெற்ற, பலரும் கேள்விப்பட்டிராத பென் ஒயிட். 46 ஆட்டங்களிலும் அவர் களமிறங்கினார். பியெல்சா என்றால் தாக்குதல் என்பதே பொதுவான பேச்சு. பட்டியலோ வேறு கதை சொல்கிறது: லீட்ஸ் அடித்த கோல்கள் 77. வெஸ்ட் புரோமும் அதே 77தான்; பிரென்ட்ஃபர்டு 80. வாங்கிய கோல்களில்தான் லீட்ஸ் தனித்து நின்றது. 35 மட்டுமே, லீக்கிலேயே குறைவு. ஒயிட்டும் அணித்தலைவர் லியம் கூப்பரும் பின்னே நிற்க, அவர்களுக்கு முன்னால் உள்ளூர்ப் பையன் கால்வின் ஃபிலிப்ஸ் அரணாக இருந்தார். இந்த வெற்றி முதன்மையாகத் தற்காப்பின் வெற்றி என்று சொல்வதே பொருத்தம்.

முன்களத்தில் பாட்ரிக் பாம்ஃபர்டு 16 லீக் கோல்கள் அடித்தார். தவறவிட்ட வாய்ப்புகளுக்காக வசவும் நிறையவே வாங்கினார். பந்து இல்லாதபோது அவர் ஓடிய ஓட்டம்தான் பியெல்சாவுக்கு வேண்டியிருந்தது. ஆர்சனலிலிருந்து இரவல் வந்த எடி இன்கெடியா ஜனவரியில் திரும்ப அழைக்கப்பட்டபோதும் பாம்ஃபர்டின் இடம் அசையவில்லை.

டிசம்பர் 14 அன்று கார்டிஃபுக்கு எதிராக 3–0 என முன்னணியில் இருந்த லீட்ஸ், ஆட்டத்தை 3–3 எனச் சமனில் முடித்தது. சறுக்கல் அங்கே தொடங்கியது. அன்று முதல் பிப்ரவரி 11 வரை ஆடிய 11 லீக் ஆட்டங்களில் வெற்றி இரண்டே: பர்மிங்காமில் 5–4, இடைவேளையில் 0–2 எனப் பின்தங்கியிருந்து மில்வாலை வென்ற 3–2. முந்தைய ஆண்டும் இப்படித்தான் கடைசிக் கட்டத்தில் மூச்சு வாங்கினார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் எழுந்தது. பியெல்சா ஆட்டமுறையை மாற்றவில்லை. அடுத்து பிரிஸ்டல் சிட்டி, ரெடிங், மிடில்ஸ்பரோ மூன்றுடனும் 1–0. பிறகு ஹல் சிட்டியில் 4–0, ஹடர்ஸ்ஃபீல்டுடன் 2–0. ஐந்து வெற்றிகள், ஒரு கோலும் வாங்காமல்.

இடையே ஒரு கறையும் உண்டு. சார்ல்டன் அத்லெட்டிக் வீரர் ஜொனாதன் லெக்கோவை இனவெறிச் சொல்லால் இழிவுபடுத்தினார் என்று கோல்காப்பாளர் கிக்கோ காசியாவுக்கு இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் எட்டு ஆட்டத் தடை விதித்தது. அவர் குற்றத்தை மறுத்திருந்தார். மறுநாளே, இருபது வயது நிறைய இரண்டு நாள் பாக்கியிருந்த பிரெஞ்சு இளைஞர் இலான் மெலியே ஹல்லில் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடினார். பட்டம் கைக்கு வரும்வரை வலைக்கு முன் அவரே நின்றார்.

மார்ச் 13 அன்று எல்லாம் நின்றது. அப்போது லீட்ஸ் 71 புள்ளிகளுடன் முதலிடத்தில். மூன்றாமிடத்து ஃபுல்ஹாமைவிட ஏழு அதிகம். ஒன்பது ஆட்டங்கள் பாக்கி. பருவத்தையே ரத்து செய்துவிடலாம் என்ற யோசனைகளும் கிளம்பின. அந்த நாட்களில் கழகத்தின் பொற்காலத்தைச் சேர்ந்த நார்மன் ஹன்டர் ஏப்ரல் 17 அன்று கொரோனாவால் இறந்தார். அதே மாதத்தில் இன்னொரு முன்னாள் வீரர் டிரெவர் செரியும் காலமானார். ஜூலை 10 அன்று, 773 ஆட்டங்களுடன் கழகச் சாதனைக்குச் சொந்தக்காரரான ஜாக் சார்ல்டன்.

ஜூன் 21 அன்று லீட்ஸ் மீண்டும் களமிறங்கியது, பார்வையாளர் ஒருவரும் இல்லாமல். எல்லண்ட் ரோடின் இருக்கைகளில் ரசிகர்களின் அட்டைப் படங்கள் உட்கார்ந்திருந்தன. எவரோ குறும்புக்கு அனுப்பிய பின்லேடன் படமும் அவற்றுள் புகுந்து, பிறகு அகற்றப்பட்டது. கார்டிஃபில் தோல்வியோடு ஆரம்பித்த லீட்ஸ் எஞ்சிய எட்டில் ஏழை வென்றது. மறக்கமுடியாதது ஜூலை 12, சுவான்சி ஆட்டம். 89ஆம் நிமிடத்தில் லூக் ஐலிங் வலப்பக்கம் ஓடிவந்து தந்த பந்தை, 35 வயது பாப்லோ எர்னாண்டஸ் கம்பத்தில் பட்டு உள்ளே போகும்படி அடித்தார். கத்தியவர்கள் களத்திலும் மாற்று வீரர் இருக்கைகளிலும் இருந்தவர்கள் மட்டுமே.

உயர்வு உறுதியான ஜூலை 17 அன்று லீட்ஸ் ஆடவே இல்லை. வெஸ்ட் புரோமை ஹடர்ஸ்ஃபீல்டு 2–1 என வென்றதும் முடிவு தெரிந்துவிட்டது. மறுநாள் பிரென்ட்ஃபர்டு ஸ்டோக்கிடம் தோற்க, பட்டமும் வந்தது. கூடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் ஆயிரக்கணக்கானோர் எல்லண்ட் ரோடு வாசலில் திரண்டார்கள். ஜூலை 19 அன்று டெர்பி வீரர்களே வரிசையாக நின்று கைதட்டி வரவேற்க, லீட்ஸ் 3–1 என வென்றது. அந்த ஆட்டத்தில் பெரார்டியின் முழங்கால் தசைநார் அறுந்தது.

செப்டம்பர் 12 அன்று ஆன்ஃபீல்டில் நடப்புச் சாம்பியன் லிவர்பூலிடம் 3–4 எனத் தோற்று, கழகம் பிரீமியர் லீக் வாழ்வைத் தொடங்கியது. அப்பருவத்தை ஒன்பதாமிடத்தில் முடித்தது. எல்லண்ட் ரோடுக்குள் ரசிகர்கள் மறுபடி கால்வைத்தது 2021 மே 23 அன்றுதான். அனுமதிக்கப்பட்டவர்கள் 8,000 பேர். எதிரணி அதே வெஸ்ட் புரோம். எர்னாண்டஸும், முழங்கால் தேறிய பெரார்டியும் அன்று கடைசியாக லீட்ஸ் சட்டையில் ஆடினார்கள். உயர்வு பெற்றுத் தந்த இருவரையும் எழுந்து நின்று கைதட்ட, பத்து மாதம் கழித்து, அன்றுதான் ஆட்கள் இருந்தார்கள்.