பதின்மூன்றில் ஒரு பொருத்தம்

“என் கையிலே யோகம் இருக்கிறது, எடுத்ததெல்லாம் ராஜாவாக வருகிறது!” என்கிறான் வென்றவன். “இன்று யார் முகத்தில் விழித்தேனோ!” என்கிறான் தோற்றவன். இருவருக்கும் நடுவே கிடப்பவை ஐம்பத்திரண்டு அட்டைத் துண்டுகள். ஆலயத்திலே அபிடேகம் பெற்றவையல்ல. ஆலையிலே அச்சாகி வந்தவை. அவற்றுக்குக் கண் இல்லை, காது இல்லை, எவன் எந்த நட்சத்திரத்திலே பிறந்தான் என்ற கவலையும் இல்லை. ஆயினும், நாலு நண்பர்கள் கூடிச் சிரித்துப் பொழுது போக்கும் ஆட்டத்திலேகூட, மனிதன் விதியைத் தேடுகிறான், கண்டுவிட்டதாகக் களிக்கிறான், கலங்குகிறான்.

அந்த விதியைச் சீட்டுக்கட்டிலிருந்து வெளியேற்றிய வரலாறு ஒன்று உண்டு. கணக்கு என்ற தலைப்பின்கீழ் அது அடங்கிக் கிடப்பதால், நம்மில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை!

சீட்டுக்கட்டு ஐரோப்பாவிலே புகுந்தது பதினான்காம் நூற்றாண்டில். 1377-இல் பிளாரன்சு நகரம் இந்தப் புதிய ஆட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. பின்னர் பாதிரிமார்கள் மேடையேறினர். சாத்தானின் கருவி என்று சாடினர். கட்டுக்கட்டாகத் தீயிலிட்டுக் கொளுத்தவும் செய்தனர். சாடினார்களே தவிர, சீட்டு ஏன் இப்படி விழுகிறது, ஏன் அப்படி விழுகிறது என்று எண்ணிப்பார்க்க எவரும் முற்படவில்லை.

எண்ணிப்பார்க்கத் தொடங்கியவர்களுள் முதல்வர் என்று இத்தாலி நாட்டு மருத்துவர் கார்டானோவைக் கூறலாம். 1501 முதல் 1576 வரை வாழ்ந்தவர். சூதாட்டத்திலே பழுத்த அனுபவம் உள்ளவர். பகடை எத்தனை விதமாக விழக்கூடும் என்று கணக்கிட்டு நூலே எழுதினார். அது அச்சேறியதோ, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1663-இல்! ஆனால், விந்தை பாருங்கள்: எண்ணத் தெரிந்த அந்த அறிஞரே சோதிடத்திலும் மூழ்கிக் கிடந்தார். 1552-இல் இங்கிலாந்து சென்று, ஆறாம் எட்வர்டு என்ற இளம் மன்னனுக்குச் சாதகம் கணித்தார். ஐம்பது வயதைக் கடந்தும் மன்னன் வாழ்வான் என்றது அந்தச் சாதகம். மறு ஆண்டே, 1553-இல், பதினைந்து வயதிலே மன்னன் மாண்டான். கார்டானோ சோர்ந்துவிட்டாரா? இல்லை! கணிப்பு ஏன் பிழைத்தது என்பதற்கு விளக்கம் எழுதினார். ஏசுநாதருக்கே சாதகம் எழுதி அச்சிட்டவர்தாம் அவர். 1570-இல் மதவிசாரணை மன்றம் அவரைக் கைது செய்தது. ஒரு கையிலே கணக்கு, மறு கையிலே கட்டம். அறிவு ஒரு மனிதனின் மூளைக்குள்ளேயே பாதி வீட்டை மட்டும் வெளிச்சமாக்கி நின்றுவிட்ட காட்சி அது.

1654-இல் பாசுக்கல், பெர்மா எனும் இருவர், பாதியிலே நின்றுபோன ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று கடிதங்கள் எழுதிக்கொண்டனர்; வாய்ப்பைப் பற்றிய கணிதம் அங்கே உரம் பெற்றது. அந்தக் கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வந்த ஒருவரைப் பற்றி.

பிரான்சு நாட்டு மோன்மோர். 1678-இல் பிறந்தவர். பாரிசு நகரத்து நோத்ர்-தாம் பேராலயத்திலே பதவி வகித்தவர். மணம் புரிந்துகொள்ள விரும்பி அந்தப் பதவியைத் துறந்தவர். கோயில் பதவியை விட்ட அந்தச் செல்வர், தம் பொழுதைச் சீட்டாட்டங்களை ஆராய்வதிலே செலவிட்டார். ஆடிப் பணம் சேர்க்க அல்ல; ஆட்டக்காரர்களிடையே மலிந்து கிடந்த மூடநம்பிக்கையைக் கண்டு, குருட்டு வாய்ப்புக்கும் ஒழுங்கு உண்டு என்று காட்ட. 1708-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதிலே அலசப்பட்ட ஆட்டங்களுள் ஒன்றுக்குப் ‘பதின்மூன்று’ என்று பெயர்.

ஆட்டம் மிக எளிது. திறமை தேவையில்லை, குழந்தையும் ஆடலாம். ஒருவர் சீட்டுக்கட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்புவார். திருப்பும்போதே ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று உரக்கக் கூறுவார். பதினொன்று ஜாக்கி, பன்னிரண்டு ராணி, பதின்மூன்று ராஜா. கூறிய எண்ணும் திரும்பிய சீட்டும் பொருந்திவிட்டால், பந்தயப் பணம் அவருக்கு. பதின்மூன்று வரை எதுவும் பொருந்தவில்லையானால், அவர் மற்றவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கட்டை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

‘ஏழு’ என்று கூவும்போது ஏழே வந்து விழுந்தால் எப்படியிருக்கும்! கூட்டம் ஆர்ப்பரிக்கும். கூவியவன் வாக்குப் பலித்தவன் ஆகிவிடுவான்! மோன்மோர் மட்டும் ஆர்ப்பரிக்கவில்லை, எண்ணினார். கணக்கை எளிதாக்க, ஒரே இனத்துப் பதின்மூன்று சீட்டுகளை மட்டும் வைத்து ஆடுவதாகக் கொண்டார். நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 63 ஆட்டங்களிலே, ஏதேனும் ஓரிடத்தில் பொருத்தம் நேர்ந்தே தீரும் என்று விடை வந்தது. முதற்பதிப்பில் விடையை மட்டும் தந்தார். 1713-இல் வெளிவந்த விரிவான பதிப்பில், நிக்கோலசு பெர்னூலி அளித்த நிறுவலும் இடம்பெற்றது.

நாமே இதைச் சோதிக்கலாம், தோழர்களே! ஒன்று, இரண்டு, மூன்று என மூன்றே சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஆறு விதமாக அடுக்கலாம். எந்தச் சீட்டும் தன் இடத்திலே அமையாத அடுக்குகள் இரண்டே: 2-3-1, 3-1-2. மற்ற நான்கிலும் பொருத்தம் உண்டு. நான்கு சீட்டுகள் என்றால் அடுக்குகள் 24. அவற்றுள் 15-இல் பொருத்தம். ஐந்து என்றால் அடுக்குகள் 120, பொருத்தம் 76-இல். நூற்றுக்கு 67, நூற்றுக்கு 62½, நூற்றுக்கு 63 என்று ஊசலாடி, ஆறு சீட்டுக்குள்ளாகவே 63.2 என்ற இடத்திலே அந்த எண் உட்கார்ந்துவிடுகிறது. அதன்பிறகு ஐம்பத்திரண்டு சீட்டானாலும் சரி, ஐம்பது இலட்சம் சீட்டானாலும் சரி, அது அசைவதில்லை!

இந்த அசையாமையை விளக்கமாக எழுதியவர் ஆய்லர். சுவிட்சர்லாந்திலே பிறந்து, பெர்லின் அறிவியற் கழகத்திலே பணியாற்றிய பேரறிஞர். அவர் எடுத்துக்கொண்ட ஆட்டத்திலே இருவர், ஆளுக்கொரு முழுக்கட்டு. இருவரும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு சீட்டாகத் திருப்புகிறார்கள். இங்கே இஸ்பேட் ராணி, அங்கேயும் இஸ்பேட் ராணி என்று ஒருமுறை சந்தித்துவிட்டால் முதலாமவருக்கு வெற்றி. கட்டு முடியும்வரை சந்திப்பே இல்லையானால் இரண்டாமவருக்கு வெற்றி. 1753-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையிலும் விடை அதே 63. ஆய்லர் பாதிரியாரின் மகன், தாமும் பக்தர். ஆனால் என்ன? கணக்கு, கணக்கிடுபவரின் மதத்தைக் கேட்பதில்லை. (பிரஷ்ய மன்னர் பிரெடெரிக், 1749-இல் ஒரு லாட்டரித் திட்டத்தை இவரிடம் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொன்னார். அதிர்ஷ்டத்தை நம்புவது குடிமக்கள் வேலை. கணக்குப் பார்ப்பது மன்னர் வேலை!)

இருவர் தனித்தனியே கலைத்த இரு கட்டுகளிலே ஒரே சீட்டு ஒரே நொடியில் வந்து நின்றால், “இது தற்செயலா? ஒருக்காலும் இல்லை, ஏதோ ஒரு சக்தி!” என்று சொல்லத் துடிக்கிறது நா. குறிப்பிட்ட ஓரிடத்திலே பொருத்தம் நேரும் வாய்ப்பு 52-இல் ஒன்றுதான். அது அரிது, உண்மை. ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் 52 இருக்கின்றனவே! அதை மறந்துவிடுகிறோம். ‘எங்கேனும் பொருந்தும்’ என்பவன் மூன்றுக்கு ஏறத்தாழ இரண்டு முறை வெல்வான். ‘இருபத்தெட்டாவது சீட்டிலே பொருந்தும்’ என்று முன்கூட்டியே அறுதியிட்டுக் கூறுபவனோ, ஐம்பத்திரண்டு ஆட்டங்களில் ஒன்றிலே வென்றால் அதிகம்.

சோதிடர் என்றைக்காவது இரண்டாவது வகைப் பேச்சைப் பேசக் கேட்டிருக்கிறோமா? “தை பிறந்தால் நல்ல சேதி வரும், நெருங்கியவரால் மனக்கசப்பு உண்டு, தெற்கே பயணம் அமையும்” என்று அவர் அடுக்குவது, சீட்டை ஒவ்வொன்றாகத் திருப்புவதுதான். ஏதேனும் ஒன்று பொருந்தும். பொருந்தியதை ஊர் முழுதும் பேசும். பொருந்தாத பன்னிரண்டையும் பேசுவார் இல்லை. இங்கோ, பொருத்தம் என்ற சொல்லே அவர்களுடைய உடைமையாகிவிட்டது! பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். மனம் ஒப்பிய இருவரைக் கட்டம் ஒப்பவில்லை என்று பிரிக்கிறார்கள். செவ்வாய் தோஷம் என்ற ஒரு சொல்லால் எத்தனையோ பெண்களின் தலை குனிய வைக்கிறார்கள்.

இரண்டாவது வகைப் பேச்சைப் பேசும்படி அவர்களை ஒருமுறை அழைத்தும் பார்த்தார்கள். அழைத்தவர் வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர். துணை நின்றவர், மராட்டிய மண்ணிலே மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் நடத்தி, 2013-இல் புனே நகரத் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டாரே, அந்த நரேந்திர தபோல்கர். அறிவாற்றல் மிக்க மாணவர் நூறு பேர், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நூறு பேர் ஆகியோரின் பிறப்பு விவரங்களைத் திரட்டிச் சாதகங்கள் கணிக்கப்பட்டன. இரண்டையும் கலந்து, சோதிடர் ஒவ்வொருவருக்கும் நாற்பது சாதகங்கள் அனுப்பப்பட்டன. எது எவ்வகைப் பிள்ளையுடையது என்று பிரித்துக் கூறினால் போதும். காசைச் சுண்டிவிட்டுச் சொல்பவனுக்கே நாற்பதில் இருபது சரியாக வரும். ஐம்பத்தொரு சோதிடர்கள் சாதகங்களைக் கேட்டு வாங்கினர். விடை எழுதி அனுப்பியவர்கள் 27 பேர். 2008-இல் முடிவு வெளியாயிற்று. அவர்கள் சரியாகச் சொன்னது, சராசரியாக நூற்றுக்கு 46.