வடிகட்டிக்குள் இருப்பது நல்ல கரியா?

கண்டியில் தண்ணீர் வடிகட்டி வாங்கப் போனால் எத்தனை லீற்றர், எத்தனை அடுக்கு, எத்தனை மாதத் தவணை என்றெல்லாம் சொல்வார்கள். உள்ளே இருக்கும் கரியின் தரம் பற்றிப் பேச்சே வராது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வடிகட்டிக் கரி தயாரித்து உலகமெங்கும் ஏற்றுமதி செய்யும் நாட்டில் இது விநோதம்தான்.

உயிர்ப்பூட்டப்பட்ட காபன் என்பது அடுப்புக் கரி அல்ல. சிரட்டைக் கரியை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவியில் பதப்படுத்தும்போது அதற்குள் நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராமுக்குள் சுமார் ஆயிரம் சதுர மீற்றர் உட்பரப்பு! குளோரீன் அங்கே சிதைகிறது. வாடை தரும் சேதனப் பொருட்கள் ஒட்டிக்கொள்கின்றன.

தரத்தை அறிய முதலில் கேட்க வேண்டியது அயடீன் எண். ஒரு கிராம் காபன் எத்தனை மில்லிகிராம் அயடீனை உறிஞ்சுகிறது என்பதே அது. குடிநீருக்கு 1000ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. அடுத்தது கடினத்தன்மை. அது 95 சதவீதத்துக்குக் கீழே போனால் துகள்கள் உரசிப் பொடியாகி, தண்ணீரோடு கறுப்புத் தூளாக வரும். ஈரப்பதன் 5 சதவீதத்தைத் தாண்டினால் காபன் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறீர்கள். இந்த எண்கள் உற்பத்தியாளரின் தரச் சான்றிதழில் இருக்கும். காட்ட மறுக்கும் கடையை விட்டுவிடலாம்.

சாயத்தண்ணியில் போட்டு நிறம் போகிறதா என்று பார்ப்பது நம்பத்தக்க சோதனை அல்ல. சிரட்டைக் காபனின் துளைகள் மிக நுண்ணியவை. தேயிலைச் சாயத்தின் பெரிய மூலக்கூறுகள் அவற்றுக்குள் எளிதில் நுழையா. நல்ல காபனும் அதில் தோற்கும். குழாய்நீரின் குளோரீன் வாடை போகிறதா என்று பார்ப்பதே மேல். வாடை திரும்பினால் காபனை மாற்றும் காலம் வந்துவிட்டது.

இதெல்லாம் மகாவலி நீரைச் சுத்திகரித்துக் குளோரீன் கலந்து தரும் நகரத்துக்குப் பொருந்தும். தெல்தோட்டை, கலஹா பக்கத் தோட்டங்களில் பீலித் தண்ணீர் குடிக்கும் வீடுகளின் நிலைமை வேறு. எவ்வளவு உயர்ந்த காபனும் பக்டீரியாவைக் கொல்லாது. நாட்பட்ட காபனுக்குள் அவை பெருகவும் கூடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வடிகட்டி வாங்கிவிட்டு, கொதிக்க வைப்பதை நிறுத்துவதுதான் அங்கே ஆபத்து. குளோரீன் சேராத அந்தத் தண்ணீரில், காபன் தீர்ந்துவிட்டது என்று காட்டிக்கொடுக்கும் வாடையும் இல்லை.