சதுரத் துளைக் காசு சொல்லும் சாட்சி

பொல்பிட்டியவில் படித்து, இன்று கொழும்பு, சென்னை, லண்டன், ரொறன்ரோ எனப் பரந்து வாழும் நம்மிற் சிலரின் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் சதுரத் துளையிட்ட சீனக் காசு ஒன்று இருக்கக்கூடும். அது அசலா, போலியா என்று எப்படி அறிவது?

இக்காசுகளுக்கும் தமிழருக்கும் உறவு பழையது. சோழ நாட்டிலிருந்து 1077இல் சீனாவுக்குச் சென்ற 72 பேர் கொண்ட தூதுக்குழு, தான் கொண்டு சென்ற பொருள்களுக்கு ஈடாக 81,800 கோவை செப்புக்காசு பெற்றதாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. ஒரு கோவை என்பது பெயரளவில் 1,000 காசு. நம் முன்னோரில் ஒரு பகுதியினர் புறப்பட்டு வந்த தஞ்சைச் சீமையில், தளிக்கோட்டையில், சீனக் காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. இலங்கையில், முதலாம் புவனேகபாகு 13ஆம் நூற்றாண்டில் தலைநகராகக் கொண்ட யாப்பகுவவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சீனக் காசுகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. இவற்றுட் பெரும்பாலானவை சொங் வம்சக் காலத்தவை.

மருத்துவத்தில் நாம் ஒரேயொரு குறியை வைத்து நோயை முடிவு செய்வதில்லை. காசுக்கும் அதுவே முறை.

முதலாவது, ஆக்கிய விதம். சீனக் காசு அடித்து அச்சிடப்பட்டதன்று. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்க்கப்பட்டது. பின்னர் காசுகளைச் சதுரக் கோலில் கோத்து ஓரத்தை அரத்தால் அராவினர். அசல் காசை அச்சாக வைத்து வார்த்த போலி, உலோகம் ஆறும்போது சுருங்குவதால் சற்றுச் சிறிதாகும்; எழுத்தும் மழுங்கும். சாதாரண சொங் காசு ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் அகலமும் நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவான நிறையும் கொண்டது.

இரண்டாவது, உலோகம். சொங் காசு செம்பு, ஈயம், வெள்ளீயம் கலந்த வெண்கலம். நாகம் கலந்த பித்தளைக் காசு 16ஆம் நூற்றாண்டில், மிங் வம்சக் காலத்திலேயே பரவலாயிற்று. ஆகவே, சொங் எழுத்துடைய காசில் நாகம் மிகுந்திருந்தால் ஐயப்பட வேண்டும். எக்ஸ்கதிர்ப் பரிசோதனை காசைச் சிதைக்காமலே இதைக் காட்டிவிடும்.

மூன்றாவது, களிம்பு. நூற்றாண்டுகளாகப் படிந்த களிம்பு உலோகத்தோடு ஒன்றியிருக்கும். பூசிய பச்சை நிறம் அசற்றோன் தொட்ட பஞ்சிலேயே ஒட்டி வரும்.

எழுத்தை வாசிப்பது மட்டும் போதாது. 1659 முதல் 1685 வரை ஜப்பானின் நாகசாகியில் சொங் எழுத்துகளோடு ஏற்றுமதிக் காசு வார்த்தார்கள். அது சொங் காசு அல்ல; இன்றைய போலியும் அல்ல. சிவப்பு நூலில் கோத்து அதிர்ஷ்டக் காசாக விற்பவையோ பெரும்பாலும் சிங் பேரரசர்களின் பெயர் பொறித்த புதிய வார்ப்புகள்.

காசு அசலே என்றாலும், அது எங்கே கிடைத்தது என்பது தெரிய வேண்டும். பெட்டியிலிருந்த சொங் காசு, நம் ஊர் சொங் காலத்தில் சீனத்தோடு வாணிபம் செய்ததற்குச் சான்றாகாது. யாரோ ஒருவர் அதைச் சென்ற நூற்றாண்டில் வாங்கி வந்திருக்கலாம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் முன், தந்தை இங்கே பிறந்ததற்குப் பத்திரம் காட்ட முடியாமல் நின்றவர்களின் பேத்திகள் நாம். சான்று இல்லாமையின் விலை நமக்குத் தெரியும். அதனாலேயே, எழுதப்படாத மலையக வரலாற்றைப் பொய்ச் சான்று கொண்டு நிரப்ப நாம் துணியக்கூடாது.

எனவே காசைப் புளி போட்டு விளக்காதீர்கள். களிம்போடு சாட்சியும் போய்விடும். இருபுறமும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், நிறுத்துக் குறியுங்கள். மண்ணில் கிடைத்ததாயின், 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பெட்டியில் இருந்ததாயின், அது யாரிடமிருந்து வந்தது என்று வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.